பெயர், தேதி, கையெழுத்து: சின்னத் தொழிலில் நாங்கள் காத்துக்கொண்டவை

எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் தொழில்முனைவோர் வகுப்புகளுக்குப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, என் ஐடியாவுக்கு பேட்டண்ட் எப்படி வாங்குறது?" கேட்பவர்களில் ஒருவர் சிறுதானிய பிஸ்கட் சுடுகிறார். இன்னொருவர் இன்ஸ்டாகிராமில் சேலை விற்கிறார். ஒரு பையன் நண்பனோடு சேர்ந்து மாடித் தோட்டப் பொருள்கள் விற்கிறான். பேட்டண்ட் என்பது புதுக் கண்டுபிடிப்புக்குத் தரும் தனியுரிமை. அது தேவைப்படுகிற ஆள் அந்தக் கூட்டத்தில் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். ஆனால் எல்லோரிடமும் ஒரு பெயர் இருக்கிறது. ஒரு லேபிள், அதை வரைந்து கொடுத்த ஒரு நண்பர், கூட்டுச் சேர்ந்த இன்னொரு நண்பர் எல்லாம் இருக்கிறார்கள். சின்னத் தொழிலில் சிக்கல் பெரும்பாலும் இந்த இடங்களில்தான் முளைக்கிறது. அதைத்தான் அவர்களிடம் சொல்கிறேன், இங்கும் அதையே எழுதுகிறேன்.

நானும் என் மதினியும் தூத்துக்குடி மாவட்டத்தில் கருப்பட்டி, சுக்குக் காப்பிப் பொடி, கருப்பட்டிக் கடலை மிட்டாய், நன்னாரி சர்பத் செய்து விற்கிறோம். வீட்டின் பின்கட்டில் ஆரம்பித்தது, இப்போது ஒரு சிறிய ஷெட்டில் நடக்கிறது. என் அப்பா பத்திர எழுத்தர். சார்பதிவாளர் அலுவலக வாசலிலேயே காலம் கழித்தவர். "தேதி இல்லாத காகிதத்தையும் கையெழுத்து இல்லாத பேச்சையும் நம்பாதே" என்று சொல்லிச் சொல்லியே எங்களைப் பழக்கினார். எங்கள் முதல் பில்லிலிருந்து எல்லாம் கோப்பில் இருப்பதற்கு அவர்தான் காரணம். பெயருக்கு டிரேட்மார்க், படத்துக்கும் எழுத்துக்கும் காப்பிரைட், கண்டுபிடிப்புக்கு பேட்டண்ட் என்று சட்டங்கள் தனித்தனியாக இருக்கலாம். தகராறு என்று வந்துவிட்டால் எல்லாவற்றிலும் கேட்கப்படுவது யார் செய்தது, எந்தத் தேதியில், யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது என்பதுதான்.

பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எங்கள் தொழிலில் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. பெயர் தேடிய நாட்களில் மதினிக்கு "பாட்டி" என்ற சொல் கண்டிப்பாக வேண்டும் என்று இருந்தது. டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எழுத்தை வைத்தும் தேடலாம், ஓசையை வைத்தும் தேடலாம். பதிவகம் சரக்குகளை எண் போட்டு வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. மசாலா, மாவு, காப்பி, மிட்டாய் எல்லாம் அடங்கிய 30ஆம் வகுப்பில் பாட்டியும் அம்மாவும் "நாட்டு"ம் வரிசை கட்டி நின்றன. "சுத்தமான கருப்பட்டி" மாதிரி சரக்கை அப்படியே விவரிக்கிற பெயர்களைப் பதிவகம் எளிதில் ஏற்காது, ஏற்றாலும் அதை வைத்து இன்னொருவரைத் தடுப்பது கஷ்டம். ஊர்ப் பெயருக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். சாமி பெயர், இதிகாசப் பெயர் வைக்கலாம், ஆனால் அதைத் தனக்கு மட்டும் என்று அடைத்துக்கொள்ள முடியாது. "ராமாயண்" என்ற பெயரை ஊதுபத்திக்கு ஒருவர் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், மத நூலின் பெயரை யாரும் தனிச்சொத்தாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொல்லிவிட்டது.

ஓசை விஷயத்தில் நம் ஊர் மூக்குப்பொடி வழக்கு ஒன்று இருக்கிறது. அதை நான் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வேன். சென்னையில் "ஸ்ரீ அம்பாள்" என்ற பெயரில் ஒரு நிறுவனம் மூக்குப்பொடி விற்றது. இன்னொரு வியாபாரி "ஸ்ரீ ஆண்டாள்" என்று பதிவு கேட்டார். நமக்கு இதில் குழப்பமே வராது. ஆண்டாள் வைணவத்தில், அம்பாள் சிவன் கோயிலில். ஆனால் 1969இல் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகப் பார்த்தது. இந்தப் பொடியை வாங்குகிறவர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள், பல மதத்தவர் இருக்கிறார்கள், அவர்களுக்கு இரண்டு பெண் தெய்வங்களின் வித்தியாசம் தெரியாது, காதுக்கு இரண்டும் ஒன்றுபோல விழுகிறது என்று சொல்லி ஆண்டாளுக்குப் பதிவை மறுத்தது. ஆகவே பெயரைத் தேடும்போது எழுத்தை மாற்றி, ஒரு ஒற்றைக் கூட்டி, இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலை நான்கு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டும். வாயால் சொல்லிப் பார்க்கவும் வேண்டும். கடையில் வாங்க வருகிறவர் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறார்.

கடைசியில் எங்கள் குடும்பத்துக்குள் மட்டும் புழங்கிய, சரக்கோடு சம்பந்தமே இல்லாத ஒரு பழைய செல்லப் பெயரை எடுத்துக்கொண்டோம். சரக்கைப் பற்றி எதுவும் சொல்லாத பெயர்தான் பாதுகாக்க எளிது. முதல் ஆறு மாதம் அதை மக்கள் மனதில் பதிய வைக்கக் கஷ்டப்பட வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பப் படிவத்துக்கு டி.எம்.-ஏ என்று பெயர். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் என்றால் ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. நிறுவனமாகப் பதிவு செய்தவர்கள், சிறுதொழில் என்று அரசிடம் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழை இணைத்தால் சிறுதொழில் என்ற முறையில் பாதிக் கட்டணம் கட்டலாம். மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன. ஒரு வகுப்பில் கட்டினால் மற்ற வகுப்புகளில் தானாகப் பதிவு வராது. கையில் இருந்த பணத்துக்கு நாங்கள் 30ஐ மட்டும் எடுத்தோம். ஊறுகாயும் எண்ணெயும் 29இல் வரும், சர்பத் 32இல் வரும். சர்பத் அப்போது கோடைக்கு மட்டும் கொஞ்சம் போட்டுக்கொண்டிருந்தோம், பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். முதலில் வெறும் பெயரை, எந்த அலங்கார எழுத்தும் இல்லாமல் கேட்பது நல்லது என்பது என் கருத்து. லோகோவாக மட்டும் பதிந்தால், நாளைக்கு லோகோவை மாற்றும்போது மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். தமிழ் எழுத்தில் பெயர் பதியலாம், அதன் உச்சரிப்பையும் பொருளையும் விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும், அந்தப் பெயரை எப்போதிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்று. இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் இனிமேல்தான் பயன்படுத்தப் போகிறோம் என்று குறிக்கலாம். தேதி போட்டால் அதற்கு உறுதிமொழிப் பத்திரமும் ஆதாரமும் தர வேண்டும். சிரமமாக இருக்கிறது என்று சில ஏஜெண்டுகள் "இனிமேல்தான்" என்றே போட்டுவிடுவார்கள். நீங்கள் ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தால் அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்தத் தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் வரும்.

விண்ணப்பதாரர் யார் என்பதையும் நின்று பாருங்கள். நண்பர்கள் இருவர் தொழில் தொடங்குவார்கள், ஓடிஆடுகிறவர் பெயரில் விண்ணப்பம் போய்விடும். பிறகு பிரிவு வந்தால் பெயர் அவரோடு போகும். நானும் மதினியும் கூட்டு நிறுவனத்தின் பெயரில் போட்டோம். கூட்டுப் பத்திரத்தில், ஒருவர் விலகினால் பெயர் யாரிடம் இருக்கும், விலகுகிறவருக்கு அதற்கு என்ன ஈடு என்று அப்பா ஒரு பத்தி எழுதி வைத்தார். அண்ணன் முகம் சுளித்தான். "குடும்பத்துக்குள்ள எதுக்குப்பா இதெல்லாம்?" அப்பா சொன்னார், "குடும்பத்துக்குள்ளங்கிறதாலதான் எழுதுறேன்." மதினி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார்.

ஜி.எஸ்.டி. எண், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உணவு உரிமம், உத்யம், கம்பெனிப் பதிவு, இணையதள முகவரி இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பெயர் உங்களுக்குச் சொந்தம் என்று ஆகாது. ஆனால் இவை எல்லாவற்றிலும் தேதி இருக்கிறது, அதனால் சாட்சியாகப் பயன்படும். பதிவு செய்யாமல் பெயரைப் பயன்படுத்துவதை, பட்டா இல்லாமல் நிலத்தை அனுபவிப்பது போல என்று அப்பா சொல்வார். அனுபவத்தில் இருக்கிறீர்கள் என்பதற்கு மதிப்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். பட்டா இருந்தால் எதிராளி நிரூபிக்கட்டும்.

விண்ணப்ப எண் வந்த அன்றே பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான் போட வேண்டும், முன்கூட்டிப் போடுவது சட்டப்படி தவறு. பதிவகம் ஆட்சேபம் சொல்லி அறிக்கை அனுப்பினால் ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஏஜெண்டின் மின்னஞ்சலை மட்டும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காமல், இணையதளத்தில் நம் எண்ணைப் போட்டு அடிக்கடி நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்சேபம் தீர்ந்தால் வாராவாரம் வரும் டிரேட்மார்க் இதழில் பெயர் வெளியாகும். அதன் பிறகு நான்கு மாதம், யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லையென்றால் சான்றிதழ். அது விண்ணப்பம் போட்ட தேதியிலிருந்து 10 ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

எங்களுக்கு 30இல் சான்றிதழ் வந்தது. அதற்குப் பிறகுதான் சர்பத் விவகாரம்.

வேறொரு மாவட்டத்தில் எங்கள் சரக்கை எடுத்து விற்ற ஒரு விநியோகஸ்தர் இருந்தார். நல்ல வியாபாரி, பணம் தாமதிக்காதவர். ஒரு கோடையில் எங்கள் நன்னாரி சர்பத் அவர் பகுதியில் நன்றாக ஓடியது. அடுத்த கோடைக்கு முன்னால் திடீரென்று ஆர்டர் நின்றது. மதினிக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை எங்கள் பெயரையும் அதுபோல் ஒலிக்கும் பெயர்களையும் பதிவகத் தளத்தில் போட்டுத் தேடுவார். 32ஆம் வகுப்பில் அச்சு அசலாக எங்கள் பெயர் நின்றது. விண்ணப்பதாரர் அந்த விநியோகஸ்தர். இதழிலும் வெளியாகிவிட்டது. நல்லவேளை, நான்கு மாதம் முடியவில்லை.

அந்த இரவு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. பணத்தைவிட, நாம் வைத்த பெயர், நம் வீட்டுச் செல்லப் பெயர், இன்னொருவர் பேரில் காகிதத்தில் நிற்பதைப் பார்ப்பது வேறு மாதிரியான வலி. அண்ணன் உடனே போன் போட்டுத் திட்டுகிறேன் என்றான். அப்பா தடுத்தார். வக்கீலைப் பார்க்கும்வரை யாரும் அவரோடு பேசக் கூடாது, வாட்ஸ்அப்பில் ஒரு எழுத்தும் அனுப்பக் கூடாது, பழைய செய்தி எதையும் அழிக்கக் கூடாது என்றார். இந்த மூன்றையும் அப்படியே கடைப்பிடிக்கச் சொல்லி நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். கோபத்தில் அனுப்பும் ஒரு வரி, "சரி, சர்பத்தை நீயே வச்சுக்கோ" என்ற மாதிரி ஒரு வரி போதும், வழக்கு நமக்கு எதிராகத் திரும்பிவிடும்.

டிரேட்மார்க் வழக்குகள் பார்க்கும் ஒரு வழக்கறிஞர் எங்கள் கோப்பை வாங்கிப் பார்த்தார். அதில் சர்பத் என்று தனியாக வரி போட்ட பில்கள் இருந்தன. சர்பத் சேர்த்த எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. ஆவணம், ஆய்வகச் சோதனை அறிக்கை, லேபிள் அச்சடித்த பில், பார்சல் சர்வீஸ் ரசீதுகள் எல்லாம் தேதியோடு இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த விநியோகஸ்தரே எங்கள் பெயரைச் சொல்லி "சர்பத் பெட்டி அனுப்புங்க" என்று கேட்ட வாட்ஸ்அப் செய்திகள் இருந்தன. அவர் விண்ணப்பத்தில் பயன்பாட்டுத் தேதி என்ற இடத்தில், இனிமேல்தான் பயன்படுத்தப் போவதாகப் போட்டிருந்தார். அவர் இனிமேல் பயன்படுத்தப் போகும் பெயரை நாங்கள் ஏற்கெனவே அவருக்கே விற்றிருக்கிறோம் என்பதற்கு அவர் கையால் தட்டிய செய்தியே சாட்சி.

"நாம 32ல பதியலையே சார், அது பாதிக்காதா?" என்று மதினி கேட்டார். அதற்கு வழக்கறிஞர் சொன்னது திருநெல்வேலிக்காரர்கள் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு. இருட்டுக்கடை அல்வாவின் பெயரை, முன்னால் திருநெல்வேலி சேர்த்து வேறொருவர் பயன்படுத்திய தகராறு உச்ச நீதிமன்றம்வரை போனது. முதலில் பயன்படுத்தியவரின் உரிமை, பதிவு செய்தவரின் உரிமையைவிட மேலானது என்று 2015இல் அந்த நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. இந்தியச் சட்டத்தில் பதிவு முக்கியம், ஆனால் நேர்மையாக, தொடர்ச்சியாக, முதலில் பயன்படுத்தியவரைப் பதிவால் மட்டும் தள்ளிவிட முடியாது. போதாக்குறைக்கு 30இல் எங்களுக்குப் பதிவே இருந்தது. காப்பிப் பொடியும் சர்பத்தும் ஒரே கடையில் ஒரே தட்டில் விற்பவை, ஒரே வீட்டுச் சரக்கு என்றுதான் வாங்குகிறவர் நினைப்பார்.

எதிர்ப்பு மனுவுக்கு டி.எம்.-ஓ படிவம், ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 2,700 ரூபாய். வழக்கறிஞர் கட்டணம் தனி. எதிர்ப்பு நோட்டீஸ் கையில் கிடைத்த இரண்டு மாதத்துக்குள் விண்ணப்பதாரர் பதில் மனு தர வேண்டும், இல்லாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பதில் வந்தால் அடுத்து ஆதாரங்கள் தாக்கல் செய்யும் கட்டம். வாட்ஸ்அப் செய்தி, இணையப் பதிவு போன்றவற்றைக் கொடுக்கும்போது மின்னணுச் சான்றுக்கான சான்றிதழும் சேர வேண்டும். அதனால் பழைய போனைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள் என்றார்.

நோட்டீஸ் போன சில வாரத்தில் இரு தரப்புக்கும் தெரிந்த ஒரு பெரியவர் வீட்டுக்கு வந்தார். ஒரு தொகை கொடுத்தால் விண்ணப்பத்தை எங்கள் பெயருக்கு மாற்றித் தருவதாகத் தூது. காப்பி கொடுத்தோம், மரியாதையாகப் பேசினோம், ஒப்புக்கொள்ளவில்லை. நம் சொத்தை நாமே காசு கொடுத்து வாங்கினால் அது அவருடையதாக இருந்தது என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். அவர் பதில் மனு போடவில்லை. கெடு முடிந்தது, விண்ணப்பம் விழுந்தது.

அதிலிருந்து விநியோகஸ்தர் ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் ஒரு வரி சேர்த்தோம். பெயரும் லேபிளும் எங்களுடையவை, ஒப்பந்தம் இருக்கும்வரை எங்கள் சரக்கை விற்க மட்டுமே அதைப் பயன்படுத்தலாம், எந்த வகுப்பிலும் எந்த இணைய முகவரியிலும் அதைத் தன் பெயரில் பதியக் கூடாது. இரண்டு பக்க ஒப்பந்தம்தான். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரோடு நாங்கள் வியாபாரம் செய்வதில்லை.

அடுத்தது லேபிள். இங்கே காப்பிரைட் வருகிறது. ஒரு படத்தை வரைந்த நிமிடமே உரிமை பிறந்துவிடும், பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் அந்த உரிமை முதலில் யாருக்குப் பிறக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரியாதது. மாதச் சம்பளத்தில் உங்களிடம் வேலை பார்க்கிறவர் வேலையின் பகுதியாக வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது உங்களுடையது. வெளியில் ஒரு டிசைனருக்குக் காசு கொடுத்து லோகோ வரையச் சொன்னால், காசு கொடுத்தது மட்டும் போதாது. எழுதி வாங்காவிட்டால் உரிமை அவரிடமே நிற்கும் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். புகைப்படத்துக்கு வேறு விதி. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம், மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், எடுக்கச் சொன்னவருக்கே சொந்தம்.

எழுதி வாங்குவதிலும் நுணுக்கம் இருக்கிறது. எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாமல் விட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடுகளுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். எங்கள் கடலை மிட்டாய் சிங்கப்பூர் போகிறது, அங்கே லேபிளுக்கு உரிமை இல்லையென்றால் என்ன செய்வது? ஆகவே முழுக் காலத்துக்கும், உலகம் முழுக்க என்று தெளிவாக எழுத வேண்டும். எங்கள் லேபிளை வரைந்த டிசைனர் பெண் கல்லூரி முடித்த புதிது. மதினி அவளோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கி, கடைசித் தவணையோடு கையெழுத்து வாங்கினார். மூலக் கோப்புகளையும் வாங்கிக்கொண்டோம். தன் படைப்புத் தொகுப்பில் காட்டிக்கொள்ள அவளுக்கு உரிமை விட்டுக்கொடுத்தோம். இது இரு பக்கமும் நியாயமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. இளம் கலைஞர்களிடம் ஓசியில் வாங்கி, பின்னால் உரிமையும் கேட்பது அநியாயம்.

அந்தக் காகிதம் அச்சகத்தோடு வந்த தகராறில் கைகொடுத்தது. பவுச் அச்சடித்த ஒரு இடத்தில், எங்கள் லேபிளின் பனைமரம், நிறம், எழுத்து வரிசை எல்லாவற்றையும் வைத்துப் பெயரை மட்டும் மாற்றி இன்னொருவருக்கு அடித்துக் கொடுத்திருந்தார்கள். "டிசைனர் எங்களுக்கும் தெரிஞ்ச பொண்ணுதான்" என்றார்கள். உரிமை எழுதிய பத்திரத்தின் நகலோடு ஒரு கடிதம் போனதும் நிறுத்தினார்கள். இப்போது பவுச் அடிக்கும்போது, எங்கள் படம் செதுக்கிய அச்சு உருளையான சிலிண்டருக்குப் பணம் கட்டுவது நாங்கள், சிலிண்டர் எங்களுடையது, வேறு யாருக்கும் ஓட்டக் கூடாது என்று ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுகிறோம்.

நம் பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த தமிழ் எழுத்துருவைப் பவுச்சில் போட்டால், அதை உருவாக்கியவர் உரிமம் கேட்கலாம். முக்தா மலர், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். நாங்கள் அதில் ஒன்றைத்தான் எடுத்தோம். ரீல்ஸில் சினிமாப் பாட்டு போடுவது தனியாளுக்கு ஒரு விதம், கடைக் கணக்குக்கு வேறு விதம். வணிகக் கணக்குக்கு அந்தத் தளம் அனுமதிக்கும் இசைத் தொகுப்பே தனி. நாங்கள் ஆலையில் கருப்பட்டி கிண்டும் சத்தத்தையே போடுகிறோம்.

இனி பேட்டண்ட். சுக்குக் காப்பிக்கு எடுக்க முடியுமா என்று கேட்கிறார்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், கொத்தமல்லி கலப்பது எல்லா வீட்டிலும் இருக்கிற அறிவு. பாரம்பரிய அறிவுக்கும், வெறும் கலவைக்கும் நம் பேட்டண்ட் சட்டம் உரிமை தராது. அது தராமல் இருப்பதுதான் நமக்கு நல்லது. மஞ்சள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு பேட்டண்ட் கொடுத்தார்கள். நம் அரசின் அறிவியல் ஆய்வு மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையும் அச்சான கட்டுரைகளையும் எடுத்துக் காட்டி வாதாடி 1997இல் அதை ரத்து செய்ய வைத்தது. பிறகு சித்த மருத்துவம் உள்பட நம் பாரம்பரிய மருந்து முறைகளைப் பதிந்து வைக்க ஒரு மின்னணு நூலகமே உருவானது. பாட்டிமார் கைவைத்தியத்தை யாரும் வேலி போட முடியாமல் இருப்பது அதனால்தான்.

எங்கள் பொடியின் ருசி கலவையில் இல்லை, வறுக்கும் பக்குவத்தில் இருக்கிறது. அதை ரகசியமாக வைத்திருக்கிறோம். இந்தியாவில் தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தமும் நம் கட்டுக்காவலும்தான் காப்பு. வறுவலை மதினி மட்டும் செய்வார். அரைப்பதும் அடைப்பதும் மற்றவர்கள். வேலைக்குச் சேரும்போது, இங்கே கற்றதை வெளியே கொடுப்பதில்லை என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறோம். பக்குவம் எழுதிய நோட்டு வீட்டு அலமாரியில் பூட்டில் இருக்கிறது, அதை யாரும் போனில் படம் எடுக்கக் கூடாது என்பது விதி.

பேட்டண்ட் உண்மையாகவே தேவைப்பட்ட ஒரு பையனையும் பார்த்தேன். இன்ஜினியரிங் மாணவன், பதநீரைக் காய்ச்சும்போது அடிபிடிக்காமல் கிண்டும் இயந்திரம் செய்திருந்தான். பனைத் தொழிலில் கை வெந்துபோகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவன். கண்காட்சியில் வைத்து, யூடியூபில் வீடியோவும் போட்டுவிட்டு என்னிடம் வந்தான். பேட்டண்டுக்கு முதல் தேவை, விண்ணப்பத்துக்கு முன்னால் உலகில் எங்கும் அது வெளிப்பட்டிருக்கக் கூடாது என்பது. நம் சொந்த வீடியோவும் அதில் அடக்கம். சில கண்காட்சிகளுக்கு மட்டும் சட்டம் விலக்கு தருகிறது, கல்லூரிக் கண்காட்சியை அதில் நம்பி இருக்க முடியாது. வழிகாட்டிய பேட்டண்ட் ஏஜெண்ட், வீடியோவில் இல்லாதது எது என்று கேட்டார். துடுப்பின் முனையில் பிறகு அவன் சேர்த்த சுரண்டும் அமைப்பு வெளியே வந்திருக்கவில்லை. அதற்கு மட்டும் தற்காலிக விண்ணப்பம் போட்டார்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைனில் 1,600 ரூபாய்தான். அடுத்த 12 மாதத்துக்குள் முழு விவரணை கொடுக்க வேண்டும், அந்தக் காலத்தைச் சோதனைக்கும் பணம் திரட்டவும் பயன்படுத்தலாம். கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு உரிமை, ஆண்டுக் கட்டணங்களைக் கட்டி வந்தால். பொருளின் வடிவம் மட்டும் புதிது என்றால் டிசைன் பதிவு போதும். அதிலும் வெளியிடுவதற்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல். அந்தப் பெயர் அந்த ஊரில் அந்த முறையில் செய்கிற எல்லோருக்கும் பொது, ஒரு கடைக்குத் தனியாக டிரேட்மார்க் ஆகாது. ஆனால் அங்கே செய்கிறவர்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகத் தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம், கட்டணமும் மிகக் குறைவு. சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் குவியும் காலத்தில் பனை ஏறுகிற குடும்பங்களுக்கு இது பெரிய ஆயுதம். நாங்கள் கொள்முதல் செய்யும் வீடுகளில் இதைப் பேசிக்கொண்டே இருக்கிறேன். புவிசார் குறியீட்டுப் பதிவகம் நாடு முழுவதற்கும் சென்னை கிண்டியில்தான் இருக்கிறது, டிரேட்மார்க், பேட்டண்ட் அலுவலகங்களும் அதே வளாகத்தில்.

விண்ணப்பம் போட்டதும் உங்கள் விவரங்கள் பொதுவில் தெரியும். உடனே போன்கள் வரும், அரசுக் கடிதம் மாதிரியே காகிதங்கள் வரும், இன்ன தொகை கட்டாவிட்டால் பதிவு ரத்து என்பார்கள். பதிவகத் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையான டி.பி.ஐ.ஐ.டி.யின் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு, அரசுப் பட்டியலில் உள்ள உதவியாளர்களின் கட்டணத்தை அரசே ஏற்கும் திட்டம் 2016இலிருந்து இருக்கிறது. நீங்கள் கட்ட வேண்டியது அரசுக் கட்டணம் மட்டும். மாவட்டத் தொழில் மையத்தில் டிரேட்மார்க், பேட்டண்ட் செலவுக்கு மாநில அரசின் மானியம் பற்றிக் கேளுங்கள், பில்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டு போங்கள்.

பத்தாயிரம் ரூபாய்தான் கையில் இருக்கிறது, எதற்குச் செலவழிப்பது என்று கேட்டால் என் பதில், உங்களுக்கு அதிகம் விற்கும் சரக்கின் வகுப்பில் வெறும் பெயருக்கு ஒரு விண்ணப்பம். மீதியில் கூட்டாளியோடும் டிசைனரோடும் நல்ல முத்திரைத்தாளில் இரண்டு ஒப்பந்தங்கள். அடுத்த லாபத்தில் அடுத்த வகுப்பு. நாங்களும் சர்பத்துக்கு 32இல் எங்கள் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம், முதல் பில்லின் தேதியையும் அதற்கான உறுதிமொழிப் பத்திரத்தையும் சேர்த்து. இதழில் இன்னும் வரவில்லை. அதுவரை சர்பத் பாட்டிலில் டி.எம். மட்டும்தான் இருக்கும்.